ஒரு பெயரும் விடுபடக்கூடாது

அக்கரப்பத்தனைச் சனங்களே! டயகமையிலும் மன்றாசியிலும் ஹோல்புறூக்கிலும், ஆக்ரா ஓயாவின் இரு கரைத் தோட்டங்களிலும் குடியிருக்கும் தாய்மாரே, அண்ணன்மாரே, தம்பி தங்கைமாரே! புயலில் சுவர் வெடித்து இத்தனை நாளாகியும் இன்னும் நட்டத்தை எழுதிக் கொடுக்காமல் இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்? எழுதிக் கொடுத்துவிட்டு அது எங்கே போனது என்று கேட்காமல் இருப்பவர்கள் எத்தனை பேர்? பக்கத்துக் காம்பராவில் இருக்கும் கிழவியின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் இருப்பவர்கள் எத்தனை பேர்? இதை அதட்டிக் கேட்கவில்லை, பயந்து கேட்கிறேன். அடுத்த மழை நம்மைக் கேட்டுக்கொண்டு வராது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்தத் தீவை உலுக்கிப் போட்டது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கிழக்குக் கரையில் காற்றாக ஏறியது மலைநாட்டில் மண்ணாக இறங்கியது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் வாய் பிளந்தன. வீட்டைத் துப்புரவாக்க 25,000 ரூபாய் என்றும், முழுதாக இடிந்த வீட்டைக் கட்ட 50 இலட்சம் ரூபாய் வரை என்றும் அரசாங்கம் அறிவித்தது. நல்லது. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: அறிவிப்பு எல்லாருக்கும் பொதுவாக வரும், பணம் எழுதிக் கொடுத்தவர் பெயருக்குத்தான் வரும். எழுதாத வீடு இடியாத வீடு. பதியாத நட்டம் நடக்காத நட்டம். அலுவலக மேசையில் அப்படித்தான் கணக்கு.

அந்தக் கணக்கில் நமக்கு ஏற்கெனவே ஒரு குறை இருக்கிறது. ஊர்க்காரருக்கு வீடு போனால் கையில் காணி உறுதி இருக்கும். நமக்கு என்ன இருக்கிறது? 1992இல் தொடங்கித் தோட்டங்களைக் கம்பனிகள் பொறுப்பெடுத்தன. நிலம் அரசின் பெயரில், குத்தகை கம்பனியின் பெயரில். அப்பா பிறந்த, தாத்தா செத்த அந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா நம் பெயரில் இல்லை. உறுதி எங்கே என்று கேட்கும்போது உங்களில் பலர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்துவிடுகிறீர்கள். திரும்பி வராதீர்கள்! உறுதி இல்லாதது உங்கள் குற்றமல்ல. இருநூறு வருடமாக இந்த மலையைப் பச்சையாக வைத்திருந்தவர்களுக்கு ஒரு துண்டு உறுதி கொடுக்காதது யாருடைய குற்றமோ, அதை அவர்கள் கணக்கில் எழுதட்டும். உங்கள் கையில் வேறு சாட்சிகள் இருக்கின்றன. வாக்காளர் இடாப்பில் உங்கள் விலாசம் இருக்கிறது. அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில், பாடசாலை இடாப்பில், மின்சாரப் பட்டியலில், செக்ரோலில் நீங்கள் இங்கே வாழ்ந்ததற்கு எழுத்து இருக்கிறது. அதைத் தேடி எடுங்கள். நனைந்திருந்தால் அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போட்டு, பொலித்தீன் பையில் போட்டு, பெட்டியின் அடியில் வையுங்கள். இந்தக் குடும்பம் இந்த இலக்கக் காம்பராவில் வசிக்கிறது என்று தோட்ட நிர்வாகத்திடம் ஒரு கடிதம் எழுத்தில் கேளுங்கள். கேட்ட கடிதத்தின் பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லுக்குச் சாட்சி இல்லை, காற்று அடித்தால் போய்விடும்.

எழுத்து இல்லாத சனத்துக்கு என்ன நடக்கும் என்று பார்க்க நாம் தூரம் போக வேண்டியதில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் நேரம், தாய்மார் மலைக்குப் போகும் நேரம். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. சொன்னவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். மாற்று நிலம் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை. போக இடமில்லாத சனம் அங்கேயே அடுப்பெரித்தது. மண் மூடிய பிறகோ, உள்ளே எத்தனை பேர் என்றுகூட யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் என்றார்கள், பிறகு எண்ணிக்கை இறங்கியது. என் சனங்களே, செத்தவர்களைக்கூட எண்ண முடியாத அளவுக்கு நம் இருப்பு காகிதத்தில் மெலிந்து கிடக்கிறது! தப்பியவர்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் மாதக்கணக்கில் பிள்ளைகளோடு படுத்தார்கள். புது வீடு 2016இல்தான் கைக்கு வந்தது. மீரியபெத்தை மூடிப் பதினொரு வருடத்துக்குப் பிறகு டித்வா வந்து, நாம் என்ன படித்தோம் என்று கேட்டது.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், காது கொடுங்கள். சேற்றை அள்ளுவதற்கு முன் படம் எடுங்கள். அள்ளியாகிவிட்டதென்றால் மிச்சத்தையாவது எடுங்கள். லயத்தின் இலக்கம் தெரியத் தூரத்திலிருந்து ஒரு படம், உள்ளேயிருந்து ஒரு படம், பறந்த தகரத்தின் இடம் தெரிய ஒரு படம். நனைந்த மெத்தையை வீசுமுன் எடுங்கள், ஊறிப்போன பள்ளிப் புத்தகங்களை எரிக்குமுன் எடுங்கள். சுவர் வெடித்திருந்தால் வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதியை எழுதுங்கள். வெடிப்பு எவ்வளவு அகலம் என்று பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்து அதையும் எழுதுங்கள். ஒரு கிழமை கழித்து அந்தக் கோட்டைத் தாண்டி வெடிப்பு ஓடியிருந்தால், மண் இன்னும் நகர்கிறது என்று அந்தப் பென்சில் கோடு சொல்லும், எந்த அதிகாரியும் அதை மறுக்க முடியாது. அப்படி ஓடியிருந்தால் காகித வேலையை விடுங்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். நட்டஈடு சுவருக்குத்தான் கிடைக்கும், பிள்ளைக்கு ஈடு இந்த உலகத்தில் எந்த அலுவலகத்திலும் கிடையாது.

பிறகு கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். அவரிடமிருந்து பிரதேச செயலகத்துக்குப் போகும், மதிப்பிட ஆள் வருவார்கள், சரிவு அபாயம் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்து அறிக்கை தரும். இந்த வழியில் எந்த இடத்திலும் உங்கள் காகிதம் தூங்கிவிடலாம். ஆகையால் கொடுத்த தேதியை எழுதி வையுங்கள், வாங்கியவரின் கையெழுத்தை வாங்குங்கள், மறுபடி போய்க் கேளுங்கள். தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் வாங்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, அது யாரும் போடும் பிச்சை இல்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்காகவும்தான் எழுதப்பட்டது. ஒரு நாள் பேர் போகும், ஒரு நாள் சம்பளம் போகும் என்று தயங்குகிறீர்கள், எனக்குத் தெரியும். பத்துப் பேர் பத்து நாள் பேரை இழக்க வேண்டாம். லயத்துக்கு ஒருவர் போகட்டும். போகிறவரின் அன்றைய சம்பளத்தை மற்றவர்கள் சேர்த்துக் கொடுங்கள். கோவில் திருவிழாவுக்கு வரி போட்டுக் கொடுக்கிற கை இதற்கு ஏன் நீளாது?

இனிச் சொல்லப்போவது கசக்கும். கசந்தாலும் கேளுங்கள்.

பொய் எழுதாதீர்கள். மூன்று தகரம் பறந்ததை முழுக்கூரை என்று எழுதாதீர்கள். போன வருடமே உடைந்த சுவரைப் புயலின் தலையில் கட்டாதீர்கள். கொழும்பில் கடையில் நிற்கிற மகனின் பெயரில், அவன் வருடக்கணக்கில் படுக்காத காம்பராவுக்கு வீட்டுச் சாமான் நட்டம் கேட்காதீர்கள். கேட்டால் கிடைத்துவிடும் என்கிறீர்கள். கிடைக்கலாம். ஆனால் மதிப்பிட வந்தவர் ஒரு காம்பராவில் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தால், அதே லயத்தின் மற்றப் பதினொரு குடும்பத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். நீங்கள் ஏற்றிச் சொன்ன ஐயாயிரம் ரூபாய், பக்கத்தில் மெய்யாகவே எல்லாம் இழந்தவளின் ஐம்பதாயிரத்தைத் தின்றுவிடும். காப்புறுதி என்கிற ஏற்பாடே உலகம் முழுவதும் உண்மையின் மேல்தான் நிற்கிறது. கோரிக்கையில் ஒரு பகுதி பொய் என்று தெரிந்தால் மெய்யான பகுதியும் தள்ளுபடியாகலாம். தவணைப்பணம் கட்டி எடுத்த காப்புறுதிக்கே இப்படியென்றால், பொதுப் பணத்துக்கு எவ்வளவு நேர்மை வேண்டும்?

கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் நிற்கிற அக்காமாரே, உங்களுக்கு நான் நியாயம் படிப்பிக்க வேண்டியதில்லை. தண்ணீர் என்று இரண்டு கிலோ, சாக்கின் பாரம் என்று இன்னொரு கிலோ வெட்டும்போது நெஞ்சு எப்படி எரிகிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்தத் தராசு இப்போது நம் கையில் இருக்கிறது. யார் பெயரை எழுதுவது, யார் பெயரை விடுவது, யாருக்கு எவ்வளவு என்று சாட்சி சொல்வது, எல்லாம் நம் கையில். நமக்கு வெட்டியதை நாம் இன்னொருத்திக்கு வெட்டலாமா? நம்மை எரித்ததை நாம் இன்னொரு நெஞ்சில் பற்றவைக்கலாமா?

விடுபடுகிறவர்கள் யார் என்று சொல்லட்டுமா? வேலையிலிருந்து நின்றுபோன பாட்டி. அவள் செக்ரோலில் இல்லை, காம்பரா மகன் பெயரில், மகனோடு பேச்சுவார்த்தை இல்லை. புருசன் விட்டுப்போன தங்கச்சி, அண்ணன் காம்பராவின் முன் தாழ்வாரத்தில் தகரம் அடித்து மூன்று பிள்ளையோடு இருப்பவள். புயலில் முதலில் பறந்தது அந்தத் தகரம்தான், பட்டியலில் கடைசிவரை வராததும் அந்தக் குடும்பம்தான். ஒரே காம்பராவில் மூன்று அடுப்பு, ஒரு அட்டை. பணம் வந்தால் அட்டை வைத்திருப்பவர் வாங்குவார். மற்ற இரண்டு அடுப்புக்கு என்ன பதில்? அண்ணன்மாரே, உங்கள் பெயருக்கு வந்ததென்பதால் அது முழுவதும் உங்களுடையது ஆகிவிடாது. தம்பியின் பானையும் அந்தச் சேற்றில்தான் போனது. விண்ணப்பம் எழுதும்போதே குடும்பங்கள் மூன்று என்று எழுதுங்கள். வந்தபின் பங்கு பிரிப்பதைவிட வருமுன் பெயர் சேர்ப்பது அறம், சண்டையும் வராது. எழுதப் படிக்கத் தெரியாதவர் வீட்டுக்கு, சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளே, நீங்கள் போங்கள். போனில் தட்டிக்கொண்டிருக்கும் அந்த விரலால் அவர்களுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். உங்களைப் படிக்க வைத்த கூலியில் அந்தப் பாட்டி பறித்த கொழுந்தும் சேர்ந்திருக்கிறது.

தலைவர்மாரே, உங்களுக்கும் இருக்கிறது. எந்தச் சங்கமாக இருந்தாலும் சரி, எந்தக் கொடியாக இருந்தாலும் சரி. நமது கட்சிக்காரர் பெயரை முதலில் எழுது என்று சொல்லாதீர்கள். காகிதம் நகர்த்தித் தருகிறேன் என்று ஆயிரம், இரண்டாயிரம் வாங்காதீர்கள். இடிந்த வீட்டுக்காரனிடம் வாங்கிய பணம் வீடு தங்காது. உங்கள் பிள்ளை அந்தச் சோற்றைத் தின்ன வேண்டாம். கொடுப்பவர்களே, நீங்களும் கொடுக்காதீர்கள். நீங்கள் ஒருவர் கொடுத்தால் கொடுக்க முடியாதவரின் காகிதம் அடியில் போகும். உத்தியோகத்தர்களே, உங்களை மரியாதையோடு கேட்கிறேன்: பாதையில் வாகனத்தை நிறுத்திக் கீழிருந்தே மேட்டு லயத்தைப் பார்த்து எழுதாதீர்கள். ஏறி வாருங்கள். கதவைத் தள்ளிப் பாருங்கள், நிலை சாய்ந்திருந்தால் கதவு பிடித்துக்கொள்ளும், கீழிருந்து அது தெரியாது. தோட்ட நிர்வாகத்தில் இருப்பவர்களே, ஒரு கடிதம் கொடுத்தால் காணி போய்விடாது. ஒரு கையெழுத்தை ஒரு மாதம் தாமதித்தால் ஒரு குடும்பம் ஒரு மாதம் பாடசாலை மண்டபத்தில் படுக்கிறது. அந்த மாதம் உங்கள் கணக்கில் ஏறும்.

இப்போது தனி வீட்டுக்குப் போனவர்களிடம் ஒரு சொல். ஏழு பேர்ச்சஸ் காணியில், இந்திய வீட்டுத் திட்டத்திலோ வங்கிக் கடனிலோ வீடு கண்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். லயத்தை விட்டு வெளியேறியவுடன் ஆபத்தையும் விட்டு வெளியேறிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். வங்கிக் கடன் எடுத்திருந்தால் அதோடு ஒரு காப்புறுதியும் இருக்கலாம். பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், தெரியாவிட்டால் வங்கியிலேயே கேளுங்கள். இருந்தால் உடனே கம்பனிக்கு அறிவியுங்கள். மதிப்பீட்டாளர் வருமுன் இடித்துக் கட்டிவிடாதீர்கள். ஆனால் கூரை ஒழுகுவதை அப்படியே விட்டு நட்டத்தைப் பெருக்குவதும் தவறு, படங்கு போட்டு மூடுங்கள், படங்கு வாங்கிய பற்றுச்சீட்டை வையுங்கள். வீட்டின் பெறுமதி இருபது இலட்சமாக இருக்க, தவணைப்பணம் குறையட்டும் என்று பத்து இலட்சத்துக்குக் காப்புறுதி எடுத்திருந்தால், பாதி வீடு போகும்போது பாதி நட்டத்துக்கும் பாதிதான் வரும் என்று அவர்கள் கணக்குப் போடலாம். அதை முன்கூட்டியே தெரிந்து திருத்துங்கள். இதுவே முழுத் தீர்வு என்று நீட்டும் காகிதத்தில், வாசிக்காமல், பிள்ளையை வைத்தாவது வாசித்துக் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். நியாயம் கிடைக்காவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் என்று ஒருவர் கொழும்பில் இருக்கிறார், அவரிடம் முறையிடலாம்.

2016இல் அரசாங்கம் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக நாட்டின் எல்லா வீடுகளுக்கும் இயற்கை அனர்த்தக் காப்புறுதி ஒன்றைத் தொடங்கியது. வீட்டுக்காரர் சதம் கட்ட வேண்டியதில்லை, சேதத்துக்கு 25 இலட்சம் ரூபாய் வரை என்று சொல்லப்பட்டது. அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது என்பதே நம் லயங்களில் எத்தனை பேர் காதுக்கு வந்தது? நமக்கு யாரும் சொல்லவில்லை என்பது உண்மை. நாம் யாரிடமும் கேட்கவில்லை என்பதும் உண்மை. முதல் உண்மைக்கு அவர்கள் பதில் சொல்லட்டும், இரண்டாவதுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும். இனி ஒவ்வொரு மாதர் சங்கக் கூட்டத்திலும், ஒவ்வொரு கோவில் கமிட்டியிலும், ஞாயிறு பூசை முடிந்தும், வெள்ளித் தொழுகை முடிந்தும் இதைக் கேளுங்கள்: இப்போது நடப்பில் என்ன திட்டம் இருக்கிறது, கடைசித் தேதி என்ன, நம் லயத்தில் யார் இன்னும் கொடுக்கவில்லை?

தாமதத்துக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கிறது. கொழுந்து கூடிய மாதம் என்போம், சம்பளம் வரட்டும் என்போம், தீபாவளி கழியட்டும் என்போம், தலைவர் வந்து சொல்லட்டும் என்போம். மே மாதம் தென்மேல் பருவமழை இறங்கும்போது இந்தக் காரணம் ஒன்றும் மலைக்குப் புரியாது. வெடித்த மண்ணில் தண்ணீர் இறங்கினால் நேற்று நின்றது இன்று நிற்காது. மரம் சாய்கிறதா, ஊற்று கலங்கி ஓடுகிறதா, முற்றத்தில் புது வெடிப்பு ஓடுகிறதா என்று தினம் பாருங்கள். போகச் சொன்னால் போங்கள். போக இடம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், எல்லாரும் சேர்ந்து கேளுங்கள், கொடுக்கும்வரை கேளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் டிவிசனின் பிரட்டுக்களத்தில் கூடுங்கள். ஒரு கொப்பி எடுங்கள். முதல் லயம் முதல் காம்பராவிலிருந்து தொடங்குங்கள். எத்தனை அடுப்பு, யார் யார், என்ன போனது, எழுதிக் கொடுத்தாயிற்றா, எந்தத் தேதியில், யாரிடம். எழுதி முடித்ததும் உரத்து வாசியுங்கள், எல்லார் காதும் கேட்க வாசியுங்கள். கூடப் போட்டதை அங்கேயே வெட்டுங்கள், விட்டதை அங்கேயே சேருங்கள். கூட்டத்துக்கு வராதவர் வீட்டுக்கு அன்று மாலைக்குள் இரண்டு பேர் போங்கள். திங்கட்கிழமை விடியக் கொப்பியின் பிரதியோடு கிராம உத்தியோகத்தர் அலுவலகத்துக்கு யார் போவது என்பதையும் அங்கேயே முடிவு செய்யுங்கள்.